தண்ணீரில் வலம் வந்த பல்லக்கு

ஈர மரமும், அரக்குச் சாயமும், பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தின் பழைய ரப்பர் தரையும் சேர்ந்தால் ஒரு மணம் வரும். அந்த மணத்தை நான் ஒரே ஒரு பிற்பகல்தான் முகர்ந்திருக்கிறேன் என்றாலும், இன்றைக்கும் மழையில் நனைந்த மரக்கதவு ஒன்றைக் கடந்து போனால், பேர்ன் நகரோரத்துப் பூம்ப்ளிஸில் ஒரு மாசி மாதத்துச் சனிக்கிழமை எனக்குள் முழுதாகத் திறந்துகொள்கிறது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே, நாங்கள் வாரத்தில் இரண்டு நாள் கயிறு ஏறியும் பந்தெறிந்தும் விளையாடுகிற அதே கூடத்தின் நடுவில், ஒரு குளம் இருந்தது.

குளமென்றால் வெட்டிய குளமில்லை. தடித்த மரச்சட்டங்களை நாற்புறமும் நிறுத்தி, உள்ளே கறுப்பு விரிப்பை மடித்துப் போட்டு, நீண்ட குழாயால் ஒன்றரை நாள் தண்ணீர் விட்டு நிரப்பிய தொட்டி அது. தண்ணீருக்குள் ஓடிப் பாவைகளை ஆட்டுகிற நீண்ட தடிகள் கண்ணுக்குத் தெரியக்கூடாதென்று பச்சைச் சாயம் கலந்திருந்தார்கள். தொட்டியின் பின்பக்கத்தில், சிவப்புக் கூரை வளைந்து நிமிர்ந்த ஒரு சின்ன வீடு; அதன் வாசல்களில் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு மூங்கில் திரை தொங்கியது. கூரைக்கு மேலே, கழற்ற முடியாமல் விட்டிருந்த கூடைப்பந்து வளையம் எட்டிப் பார்த்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. வியட்நாம்காரரின் வருடப்பிறப்புக்கு அவர்களுடைய நாட்டிலிருந்து வந்திருந்த "தண்ணிப் பாவைக்கூத்து" அது. நான் பாவைகளைப் பார்க்க வந்தவள் என்று சொன்னால் அது பொய். நான் அப்பாவுக்கு உட்கார ஒரு கதிரை பிடித்து வைக்க வந்தவள்.

அப்பா டாவோஸில், மலைக்கு மேலே, ஒரு பெரிய ஹோட்டலின் சமையலறையில் "கோப்பை கழுவுகிற" வேலையில் இருந்தார். அகதியாக வந்த காலத்தில் அந்தப் பக்கத்துக் "காம்ப்"பில்தான் அவரை விட்டார்கள். அங்கேயே வேலையும் கிடைத்தது. நானும் அம்மாவும் பின்னால் வந்து சேர்ந்து, "பெர்மிட்" சரியாகி, அம்மாவுக்கு பூம்ப்ளிஸில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் நிரந்தர வேலை அமைந்தபிறகும், குளிர்காலச் "சீசன்" தொடங்கினால் அப்பாவை அந்த ஹோட்டல் கூப்பிட்டுவிடும், அவரும் போய்விடுவார். கோடையில் எங்களுக்கு முழு அப்பா இருந்தார். குளிர்காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, லீவு நாட்களைச் சேர்த்துப் பிடித்து, மூன்று ரயில் மாறி, பையில் ஹோட்டல் விருந்தினர் திறக்காமல் விட்டுப்போன குட்டி ஜாம் போத்தல்களோடு ஓர் அப்பா வந்து, ஓர் இரவு தங்கிவிட்டுப் போவார். நாள் முழுவதும் தண்ணீரில் கிடக்கிற அவருடைய விரல்நுனிகள் எப்போதும் சுருங்கியே இருக்கும். சின்ன வயதில் எல்லா அப்பாமாரின் விரல்களும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

மற்ற நாட்களில் அவர் எனக்கு ஒரு குரல் மட்டுமே. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு, ஹோட்டல் வேலைக்காரருக்கென்று நிலவறையில் இருந்த தொலைபேசியிலிருந்து கூப்பிடுவார். பின்னால் துணி துவைக்கிற மெஷின் ஒன்று எந்நேரமும் சுற்றிக்கொண்டிருப்பது கேட்கும். அந்தக் குளிர்காலத்தில் அவர் என்னுடைய பிறந்தநாளுக்கு வரவில்லை. பள்ளிக்கூட நத்தார் நாடகத்தில், பாலன் பிறக்கிற தொழுவத்தில், நான் மூன்றாவது ஆடாக நடித்ததற்கும் வரவில்லை. அதுவாவது வேலை அதிகமான காலம். தை மாதத்தில், வழக்கமாக வருகிற இரண்டு தடவையும் வராமல் விட்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "ஷெஃப் விடயில்லை, குஞ்சு" என்று மட்டும் சொன்னார். அந்த ஷெஃப் என்கிற முதலாளியை நான் கண்டதில்லை. பெரிய மீசையோடு பனிக்குள் நின்று அப்பாவின் சட்டையை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருக்கிற ஓர் ஆளாக அவரை மனதில் வரைந்து, இரவு படுக்கும்போது அவருடைய மீசையைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

பாவைக்கூத்துச் செய்தியை அப்பாவுக்குக் கொண்டுவந்தவர் லாம் மாமா. அதே சமையலறையில் சமையற்காரர். எங்களுக்குப் பல வருடம் முன்னதாகவே கடலில் படகேறி இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த வியட்நாம்காரர். ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவின் இடியப்பத்தை இரண்டு குச்சியால் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, இது தங்களுடைய நூடில்ஸ்தான், அவிக்கிறபோது யாரோ பயந்துபோய்ச் சிக்கலாக்கி விட்டார்கள் என்று சொன்னவர். அவரும் அப்பாவும் பேசிக்கொள்வது "குசினி ஜெர்மன்", சமையலறைக்குள்ளேயே பிறந்த ஜெர்மன். அதில் வினைச்சொல்லே கிடையாது, பாத்திரங்களின் பெயரும் கைவிரல்களும்தான். அந்த மொழியில் அவர்கள் எப்படி இவ்வளவு கதைத்தார்களோ தெரியாது. தை கடைசி ஞாயிறு அப்பா தொலைபேசியில், லாமின் ஆட்களுடைய கூத்து என்னுடைய பள்ளிக்கூடத்திலேயே நடக்கப்போகிறது என்றும், பாவைகள் தண்ணீருக்கு மேலே தாமாக நடக்குமாம் என்றும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த முறை கட்டாயம் வருவன். உனக்குப் பக்கத்துக் கதிரையை எனக்குப் பிடிச்சு வை" என்றார்.

நான் "ஓம்" என்று மட்டும் சொன்னேன். ஆனால் தொலைபேசியை வைத்தபிறகு, குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, எனக்கு நானே ஒரு முடிவெடுத்தேன். இந்த முறையும் வராவிட்டால் இனி ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு அந்தத் தொலைபேசியடிக்குப் போவதில்லை. அம்மா இழுத்தாலும் போவதில்லை. ஒன்பது வயதுக்காரியின் சபதம்தானே என்று இப்போது சிரிக்கலாம். அன்றைக்கு அதில் சிரிப்பு ஒன்றுமில்லை. அப்பாவுக்காகக் காத்திருக்கிறதை விட்டுவிடுவது எப்படியிருக்கும் என்று நான் உண்மையிலேயே பழகிப் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

கதிரைகளுக்கு இலக்கம் கிடையாது, முந்தினவருக்கு இடம். கூத்துத் தொடங்க ஒரு மணிநேரம் இருக்கும்போதே அம்மாவை இழுத்துக்கொண்டு போய், மூன்றாவது வரிசையில் அம்மா ஒரு பக்கம், நான் நடுவில், மறுபக்கத்துக் கதிரையில் என்னுடைய சிவப்புக் குளிர்ச்சட்டை என்று இடம் பிடித்தேன். கூடம் நிரம்ப நிரம்ப ஆட்கள் வந்து குனிந்து, "இஷ் தா நோ ஃப்ரை?" இது காலியோ என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் நான் சட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு, ஆளிருக்கிறது என்று சொன்னேன். ஆறோ ஏழோ பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன். அம்மா இதிலெல்லாம் தலையிடவில்லை. காலுக்கிடையில் ஒரு பெரிய துணிப்பையை வைத்துக்கொண்டு, என்னவென்று நான் தொடப்போனபோது கையைத் தட்டிவிட்டு, வேலையிடத்துச் சாமான் என்று சொல்லிவிட்டு, எங்கேயோ பார்த்துச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பின் மேல் கோபம் வந்தது. அப்பா வராவிட்டாலும் அம்மாவுக்குக் கவலையில்லை என்று விளங்கிக்கொண்டேன்.

விளக்குகள் அணைந்தன. தண்ணீருக்குமேல் மட்டும் பச்சையாக ஓர் ஒளி மிதந்தது. பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் மேளத்தை மெதுவாகத் தட்ட, எங்களுடைய நாதஸ்வரத்துக்குத் தம்பி என்று சொல்லத்தக்க ஒரு குழல் கீச்சென்று எழுந்து அடங்கியது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை; தண்ணீர் மட்டும் தன்னையே அசைத்துப் பார்த்தது. மூங்கில் திரையின் கீழிருந்து ஒரு கொழுத்த பொம்மை, உச்சியில் குடுமியும் வெறும் வயிறுமாக வழுக்கிக்கொண்டு வந்து, எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டி ஏதோ பகிடி சொல்ல, வியட்நாம்காரர் எல்லாரும் சிரித்தார்கள். "கட்டியகாரன்" என்றார் அம்மா, எங்கள் கூத்துக்களில் முதலில் வருபவனைச் சொல்வதுபோல, வெகு இயல்பாக. அவனுக்குக் காலும் இல்லை, கயிறும் இல்லை, பிடித்திருக்கிற கையும் இல்லை. தண்ணீர்தான் அவனை நினைத்து அனுப்பியது என்று நான் நம்பினேன்.

அதன்பிறகு வந்ததெல்லாம் எனக்கு வரிசையாக நினைவில் இல்லை. நித்திரைக்குள் கண்டது போலத்தான் இருக்கிறது. முழங்கால் உயரமில்லாத உழவர்கள் தண்ணீரில் நாற்று நட்டார்கள், நட்ட இடத்தில் உடனே பச்சையாகக் கதிர் எழும்பியது. மீன் பிடிக்கிற ஒருவன் கூடையைக் கவிழ்த்து இன்னொருவனுடைய தலையையே பிடித்தான். வாத்துக் கூட்டமொன்று வந்தது. ஏழு வாத்துகள், மேய்க்கிறவள் ஒருத்தி, ஒளிந்து வருகிற நரி ஒன்று. ஏழாவது வாத்து மட்டும் எப்போதும் பிந்தியே வந்தது. மற்றவை திரும்பினபிறகு தனியே எங்கள் பக்கமாக மிதந்து, மூன்றாவது வரிசைக்கு நேரே நின்று, அலகால் தண்ணீரை இரண்டு தரம் கொத்திவிட்டு ஓடிப் போனது. எனக்கு அந்த வாத்தைப் பிடித்துப்போயிற்று. ஆனால் பிடித்துப்போனதைச் சொல்லப் பக்கத்துக் கதிரையில் சட்டைதான் இருந்தது.

வாத்துகள் உள்ளே போனதும் அம்மா பக்கக் கதவைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தரம் பார்த்தார். இரண்டு கடல்நாகங்கள் வாயால் தண்ணீர் பீச்சிச் சண்டை பிடித்து, முன்வரிசைக்காரரை நனைத்து, கூடமே கூச்சலிட்டபோதும் அம்மா கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை. அதுவரை முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அம்மாவே நம்பிக்கையை விட்டபிறகு நான் எதைப் பிடித்துக்கொண்டிருப்பது? சுவரோரத்தில், நீல வெல்வெட் நீள அங்கியும் அதற்குக் கீழே தடித்த கம்பளிக் காலுறையுமாக ஒரு வயதான வியட்நாம்காரி ஆரம்பத்திலிருந்தே நின்றுகொண்டிருந்தார். நான் எழுந்துபோய் அவருடைய கையைத் தொட்டு, கதிரையைக் காட்டினேன். சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் உட்கார்ந்தபோது கற்பூரத் தைலம் மணத்தது.

"ஏன் பிள்ளை குடுத்தனீ?" என்று அம்மா கேட்டார். அப்பா வரமாட்டார் என்றேன். அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறக்க, மேளம் பெரிதாக எழுந்தது.

ஊர்வலம் ஒன்று வந்தது. முதலில் கொடிக்காரர், பின்னால் மேளக்காரர், பிறகு குடை பிடிப்பவன் என்று ஒவ்வொருவராகத் திரைக்கு வெளியே வந்து, எங்களுக்கு இடப்பக்கமாகத் திரும்பிக் குளத்தைச் சுற்றத் தொடங்கினார்கள். கடைசியாக, நான்கு பொம்மைகள் தூக்க, சிவப்பு விதானமும் பொன்பூச்சுமாக ஒரு பல்லக்கு வாசலுக்கு வந்து நின்றது. உள்ளே நீல உடையில் மிக மரியாதையான ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. குழல் உச்சத்துக்குப் போனது. பல்லக்கு ஒரு கணம் யோசித்தது. பிறகு, எல்லாரும் இடப்பக்கம் போக, அது மட்டும் நிதானமாக, துளிச் சந்தேகமும் இல்லாமல், வலப்பக்கம் திரும்பியது.

தண்ணீருக்கடியில் தடிகள் மோதியது எங்களுக்கே கேட்டது. எதிரே சுற்றி வந்த குடைக்காரன் முகம் குப்புற விழுந்து, குடையோடு மூழ்கி, குடையில்லாமல் எழும்பினான். ஒரு கொடி இன்னொரு கொடியோடு பின்னிக்கொண்டது. வியட்நாம்காரர் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்கள். என் பக்கத்துப் பெண்மணி தன் முழங்காலில் அடித்துச் சிரித்துவிட்டு, பிறகு என் முழங்காலிலும் அடித்தார். பல்லக்கோ எதையும் கவனிக்கவில்லை. மூன்று அடி முன்னே போனது, ஓர் அடி பின்னே வந்தது, நின்று, இடமும் வலமுமாகத் தாலாட்டுவது போல் இரண்டு தரம் அசைந்தது, மறுபடியும் மூன்று அடி முன்னே போனது.

நான் அந்த நடையை அறிவேன். அந்த நாட்களில் எங்கள் கோயில் ஒரு தொழிற்சாலையின் பின்பக்கக் கூடத்தில் இருந்தது. கோடைத் திருவிழாவில், அவசர வழி என்று பச்சை விளக்கெரிகிற கதவுகளுக்குக் கீழாகத்தான் சாமி வீதியுலா வரும். சாமி தூக்குகிற முன்கொம்பில் அப்பா நிற்பார். "இவன் பிடிச்சால் சாமி நடக்காது, ஆடும்" என்று மற்றவர்கள் அவரைச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மூன்று முன்னே, ஒன்று பின்னே, நின்று ஒரு தாலாட்டு. சுற்றுவது எப்போதும் வலமாகத்தான், நடு வலக்கைப் பக்கம். அம்மாவின் கையைப் பிடித்து, "அம்மா, அது அப்பா" என்றேன்.

"ஓம்" என்றார் அம்மா. வாயை ஒரு கையால் பொத்தியிருந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. "இரு, எழும்பாதை."

அதன்பிறகு நடந்ததை நான் நூறு தடவை கனவிலும் நினைவிலும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மேளக்காரர் நிறுத்தவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து யாரோ ஒரு வார்த்தை சொன்னார்கள். கொடிகள் பிரிந்தன, மேளப் பொம்மைகள் திரும்பின, நனைந்த குடைக்காரன் குடையில்லாமலே திரும்பினான். ஒவ்வொருவராக, அந்த ஊர்வலம் முழுவதும் பல்லக்குக்குப் பின்னால் வந்து சேர்ந்து வலப்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது. அழைக்காமலே கட்டியகாரன் வெளியே வந்து பல்லக்குக்கு மூன்று தரம் குனிந்து கும்பிட்டுவிட்டு ஓடினான். பச்சைத் தண்ணீரில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே, அப்பா, தனக்கு யாரென்றே தெரியாத ஒருவரை, ஆடி ஆடி வலம் கொண்டுவந்தார். எங்கள் வரிசைக்கு நேரே வந்தபோது பல்லக்கு நின்று இன்னொரு தாலாட்டு ஆடியது. நான் எழும்பவில்லை. சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முடிவில் மூங்கில் திரையைச் சுருட்டி உயர்த்தினார்கள். உள்ளே இருட்டிலிருந்து, இடுப்பளவு தண்ணீரை விலக்கிக்கொண்டு ஏழு பேர் நடந்து வந்து வரிசையாக நின்று குனிந்தார்கள். கறுப்புச் சட்டையில், ஒரு கரையில், உதடு நீலமாகி, அப்பா. தாடை நடுங்கியது. கூடம் முழுவதும் கைதட்ட, அவர் மட்டும் மூன்றாவது வரிசையில் கண்ணை ஓட்டி, என்னைக் கண்டு, எனக்குப் பக்கத்துக் கதிரையைக் கண்டார்.

நான் தொட்டியின் ஓரத்துக்கு ஓடினேன். அவர் தண்ணீரிலேயே நடந்து எனக்குக் கிட்ட வந்தார்.

"கதிரையைக் குடுத்திட்டியோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன், அதற்குமேல் அழுகை வந்துவிட்டது. நீங்கள் வரமாட்டீங்கள் எண்டு நினைச்சன் என்பதை விக்கலுக்கு நடுவில் எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் சுருங்கி விறைத்த விரல்களை என் கன்னத்தில் வைத்தார். "நல்லது செய்தாய். அந்த ஆச்சி எவ்வளவு நேரம் நிண்டவ எண்டு உள்ளுக்கையிருந்து பாத்தனான்" என்றார். அது பொய். உள்ளே நின்றவருக்குத் திரையின் கீற்றுக்கூடாகத் தண்ணீரையும் முன்வரிசையையும் விட அதிகம் தெரிந்திருக்காது. ஆனால் அன்றைக்கு எனக்கு அந்தப் பொய் தேவையாயிருந்தது.

அம்மாவின் பையிலிருந்து ஈரம் துடைக்கத் துவாயும் கம்பளிக் காலுறையும் காற்சட்டையும் வெளியே வந்தன. மற்றதையெல்லாம் சூடான சூப்போடு கதைகதையாகக் கேட்டேன். அந்தக் குழுவில் இரண்டு பேருக்கு விசா கிடைக்கவில்லையாம். குளிர்ந்த தண்ணீரில் நெடுநேரம் நிற்கக்கூடிய ஆட்களை லாம் மாமா தேடியிருக்கிறார். அப்பா, தான் வருடக்கணக்காகத் தண்ணீரில்தானே உத்தியோகம் பார்க்கிறேன் என்று சொல்லி ஒத்துக்கொண்டிருக்கிறார். தை மாதத்து லீவு நாட்களெல்லாம், யாரோ ஒருவருடைய வாகனக் கொட்டகையில், வெறும் தடிகளை வைத்துப் பழகியிருக்கிறார்கள். மீசைக்கார ஷெஃப் ஒரு பாவமும் அறியாதவர். எனக்கு ஒரு வியப்பாக இருக்கட்டுமென்று அப்பாவும் அம்மாவும் பேசி வைத்துக்கொண்ட களவு அது. அப்பாவுக்கு ஒப்படைத்த வேலை ஏழாவது வாத்து மட்டும்தான்; நாங்கள் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று லாம் மாமா எட்டிப் பார்த்து அவருக்குச் சொல்லியிருந்தார். வாத்து உள்ளே போனதும் அவர் கரையேறி, பக்கக் கதவடியில் அம்மாவிடம் பையை வாங்கி, உடை மாற்றி வந்து என்னருகில் உட்காருவதாக ஏற்பாடு. பல்லக்குப் பிடிக்கவேண்டியவருக்குக் கால் பிடித்து இழுத்துவிட்டது. இறங்கமுன் குளிருக்காக எல்லாரும் ஒரு கிண்ணம் மீன்சாறு குடிப்பது அவர்கள் வழக்கம். அப்பா இரண்டாவது கிண்ணத்தையும் குடித்துவிட்டு, பல்லக்குத் தடியை வாங்கியிருக்கிறார்.

இனித்தான் நான் சொல்லவந்த பிழை. லாம் மாமா சூப்போடு வந்து எதிரே உட்கார்ந்து, அவர்களுடைய குசினி ஜெர்மனில், விரலால் மேசையில் ஒரு வட்டம் போட்டு, ஏன் இப்படி, ஏன் அப்படியில்லை என்று கேட்டார். கோபமில்லை, உண்மையாகவே அறிய விரும்பினார். கொட்டகையில் ஊர்வலச் சுற்றையும் வெறும் தடியோடு பழகியபோது அப்பா ஒரு தடவைகூடப் பிழை விட்டதில்லையாம். அப்பா முதலில் வெட்கப்பட்டார். பிறகு எங்களைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "தடியின்ரை நுனியிலை பல்லக்கு ஏறீட்டுது. குழலும் ஊதுறாங்கள். சாமியை எப்பிடி இடப்பக்கமாச் சுத்துறது? கை தன்ரை பாட்டிலை போட்டுது." நான்தான் அதைப் பள்ளிக்கூட ஜெர்மனில் லாம் மாமாவுக்கு மொழிபெயர்த்தேன். அவர் கண்ணை மூடி நெடுநேரம் சிரித்தார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, பல்லக்கில் இருந்தது சாமி இல்லை, தலைநகரில் பெரிய சோதனை ஒன்றில் பாஸாகி ஊருக்குத் திரும்பிவருகிற ஒரு மாணவன் என்றார்.

அப்பா கிண்ணத்தை வைத்துவிட்டார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "பரவாயில்லை" என்றார், "எங்கடை சனத்துக்குச் சோதனை பாஸானவனும் சாமிதான்." அம்மா சிரித்ததில் சூப் மூக்குக்குள் ஏறியது. அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை; மொழிபெயர்க்கத் தெரியவில்லை.

இருட்ட முன்னமே அப்பா ரயிலேறிவிட்டார், அடுத்தநாள் காலைச் சாப்பாட்டுக் கோப்பைகள் அவருக்காகக் காத்திருந்தன. ஞாயிறு ஐந்து மணிக்குத் தொலைபேசி அடித்தபோது, அம்மாவுக்கு முன்னால் நான் அதை எடுத்தேன். அந்தச் சீசன் முடியும்வரை எந்த ஞாயிறும் நான் பிந்தவில்லை.

இப்போது அந்த உடற்பயிற்சிக் கூடம் இல்லை. அந்த இடத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த புதிய கட்டடம் நிற்கிறது. லாம் மாமா இல்லை. நிலவறைத் தொலைபேசியும் ஞாயிறு ஐந்து மணியும் போய்விட்டன; என்னுடைய மகன் நினைத்த நேரத்தில் நினைத்தவரின் முகத்தைக் கையில் எடுத்துப் பார்க்கிறான், ஒரு குரலுக்காகக் கதிரையை இழுத்துப் போட்டுக் காத்திருப்பதென்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது. அப்பா ஓய்வு பெற்றுப் பல காலம். விரல்நுனிகள் காய்ந்து வழவழப்பாகிவிட்டன. முழங்கால்தான் குளிர்காலத்தில் கணக்குக் கேட்கிறது.

இந்த வருடம் மாசியில், அதே நாட்டிலிருந்து ஒரு குழு பேர்னுக்கு வருகிறதென்று கண்டு, இரண்டு இடம் பதிவு செய்தேன். அம்மா வரவில்லை, துவாய்ப் பையை ஒருக்கால் தூக்கினது போதும் என்றுவிட்டார். கதிரைகளுக்கெல்லாம் இலக்கம் இருந்தது, யாரும் யாருக்கும் இடம் பிடிக்கத் தேவையில்லை. என்றாலும் அப்பா கழிப்பறைக்குப் போன ஐந்து நிமிடம் நான் என்னுடைய குளிர்ச்சட்டையை அவருடைய கதிரையில் போட்டு, மேலே கையை வைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீரைச் சூடாக்கியிருப்பதாகவும், ஆட்டுகிறவர்கள் நெஞ்சுவரை ரப்பர் உடை போட்டிருப்பதாகவும் நிகழ்ச்சித் தாளில் போட்டிருந்தது. அதை வாசித்துக் காட்டினபோது அப்பா, "குடுத்து வைச்சவங்கள்" என்றார்.

விளக்கு அணைந்தபிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இவ்வளவு காலமும் இந்தக் கூத்தைப் பற்றி வீட்டில் எத்தனையோ தடவை கதைத்துச் சிரித்திருக்கிறோம், ஆனால் அப்பா இதை முன்னாலிருந்து பார்த்ததே இல்லை. அவர் அறிந்ததெல்லாம் இருட்டும், தடியும், குளிரும், திரையின் கீற்றுக்கூடாகத் தெரிந்த ஒரு துண்டுப் பச்சையும்தான். கட்டியகாரன் வந்தபோது அவர் வாயைத் திறந்தபடி பார்த்தார். வாத்துகள் வந்தபோது என்னுடைய முழங்கையைப் பிடித்து, "அது தானாய் நீந்துது போலையல்லோ கிடக்கு" என்று மெதுவாகச் சொன்னார். ஏழாவது வாத்து மற்றவற்றோடு ஒழுங்காக வந்து ஒழுங்காகப் போனது. எங்களுக்கு நேரே அது நிற்கவில்லை.

பிறகு மேளம் எழுந்தது. கொடிக்காரர், மேளக்காரர், குடை பிடிப்பவன் என்று ஒவ்வொருவராக வந்து இடப்பக்கம் திரும்பினார்கள். பல்லக்கு வாசலுக்கு வந்து நின்றது, குழல் உச்சத்துக்குப் போனது, அதுவும் பிசகில்லாமல் இடப்பக்கம் திரும்பியது. கதிரையின் கைப்பிடியில் இருந்த அப்பாவின் வலக்கை மெல்ல அசைந்து, மூன்று அங்குலம் முன்னே, ஓர் அங்குலம் பின்னே என்று, வலப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அதன்பிறகு நான் பல்லக்கைப் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.